வெட்டாத படம்

கோடு தண்ணீருக்கு மேலே இருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கணினித் திரையில் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கினார். கப்பலின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே ஒரு சாண் இரும்பு. அதற்கும் கீழேதான் கடல்.

அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தால் அந்தக் கோடு முங்கியிருக்கும். முங்கவில்லை.

"மாமா, கிடைச்சுதா?" மருமகள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வாசற்படியில் வந்து நின்றாள்.

"இரும்மா. பார்க்கிறேன்."

பதினொரு மணிக்கு விசாரணை. இப்போது ஒன்பதே முக்கால்.

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு ஒன்பது நாளாக அவல் கிடைத்திருக்கிறது. ஆசைப்பட்டு ஆட்டு மந்தை மாதிரி ஆளை அடைத்தானாம் கேப்டன். பாரத்தில் கப்பல் தாழ்ந்து, அடி பாறையில் தட்டியதாம். ஏழு உயிர்.

அந்தக் கேப்டன் பெரியவருடைய ஒரே மகன். மூன்று தலைமுறையாகக் கடலில் சோறு தின்ற குடும்பம். யாரிடமும் ஒரு பழிச்சொல் கேட்டதில்லை.

பெரியவர் தினமும் காலையில் அலைதடுப்புச் சுவரின் நுனியில் நின்று, கரையோரம் போய்வரும் பயணிகள் கப்பல்களைப் படம் பிடிப்பவர். அன்றும் நின்றார். கப்பல் பாறையில் மோதிய சத்தம் கேட்டதும் கேமரா கைநழுவிக் கல்லில் விழுந்து நொறுங்கியது. பழுது பார்ப்பவர் இன்று காலைதான் உள்ளேயிருந்த படத்தை மீட்டுக் கொடுத்தார்.

மீட்க முடியும் என்று பெரியவர் நேற்றுச் சொன்னபோது மகன் சோற்றில் கை வைத்தபடி தலை நிமிராமல் சொன்னான்.

"அந்தப் படம் வேணாம்ப்பா. ஆள் கூடத்தான் ஏத்தினேன்னு நானே சொல்லிடறேன்."

"நம்ம குடும்பத்துல கோழை பொறந்ததில்லடா!" என்று இலை அதிரக் கத்தினார். அதற்குப் பிறகு அவன் அறைக் கதவு திறக்கவில்லை.

கைபேசி முனகியது. கப்பல் படம் எடுப்பவர்களின் குழு. நாற்பது பேர். ஒரு புகைபோக்கியில் எத்தனை பட்டை என்று விடிய விடியச் சண்டை போடுகிறவர்கள். இவர்தான் மூத்தவர், சட்டம் போடுகிறவர். முன்முனை முதல் பின்கோடி வரை முழுக் கப்பலும் தெரிய வேண்டும். வெட்டிய படம் வெட்டிய தலைக்குச் சமம். படத்துக்குக் கீழே நேரமும், எடுத்தவர் யாரென்பதும் இருக்க வேண்டும்.

ஊரே தூற்றியபோதும் இந்த நாற்பது பேர் மகன் பக்கம்தான் நின்றார்கள். 'புகைபோக்கி' என்று பட்டப்பெயர் வாங்கியவர் எழுதியிருந்தார்: "அண்ணே, கோட்டை மட்டும் வெட்டிப் போட்டா செல்லாது. உங்க சட்டம்தான். முழுசாப் போடுங்க. நம்ம மாப்பிள்ளைக் கேப்டனையும் பார்த்த மாதிரி இருக்கும்."

மாப்பிள்ளைக் கேப்டன். அது இந்தக் குழு வைத்த பெயர். மற்றவர்கள் படத்தில் கப்பல் மட்டும்தான் இருக்கும். பெரியவர் படத்தில் மட்டும் கேப்டன் வெளியே வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சு நிமிர்ந்து நிற்பான். அது எப்படி என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: "வளர்ப்பு."

படத்தை முழு அளவுக்குச் சுருக்கினார்.

சுக்கான் அறைக்கு வெளியே, மேல்தட்டின் ஓரத்தில் மகன். தொப்பி நேராக. கை நெற்றியில்.

அவனுக்குப் பின்னால் கண்ணாடி வழியே சக்கரம் தெரிந்தது. அதைப் பிடித்திருக்க யாரும் இல்லை. சின்னக் கப்பல், அவனை விட்டால் ஓட்ட ஆள் கிடையாது.

முன்முனைக்கு இருபது அடி தள்ளி, பாறையின் மேல் நுரை.

பெரியவர் திரையில் முன்முனைக்கும் நுரைக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தார்.

வழக்கமாக மூன்று நொடிதான் நிற்பான். அன்றும் அவ்வளவுதான், உடனே உள்ளே போயிருப்பான் என்று ஒன்பது நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். கேமராவில் கண் வைத்திருந்தபோது கப்பல் எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. மகனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால், அதற்கு முதல் நாள் தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இன்றைய படத்தில் தோள் சரிந்திருக்கிறது, பார்க்கிறவன் நம்மை என்ன நினைப்பான், நாளைக்கு நான் கேமராவைக் கீழே இறக்கும்வரை அசையாதே என்று.

"சரிப்பா" என்றிருந்தான்.

"கோடு தெரியுதா மாமா?"

"தெரியுதும்மா."

"ஏங்க! கோடு தெரியுதாம்! கதவைத் திறங்க!" மருமகள் இஸ்திரிப் பெட்டியோடு உள்ளே ஓடினாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பெரியவர் கணினிச் சுட்டியை இழுத்துக் கோட்டைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். வெள்ளைக் கோடு, ஒரு சாண் இரும்பு, கடல். இவ்வளவு போதும். மகன் தப்பிப்பான். குடும்பம் தப்பிக்கும். அவரும் தப்பிப்பார்.

சுவர்க் கடிகாரம் பத்து அடித்து ஓய்ந்தது.

கட்டத்தை அழித்தார். முழுப் படத்தை விசாரணை அதிகாரிக்கு அனுப்பும் மின்னஞ்சலில் இணைத்தார். மகனின் தோளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். துளிகூடச் சரியவில்லை.

சட்டப்படி கீழே எழுதினார்.

காலை ஏழு நாற்பத்திரண்டு. படம் எடுத்தது நான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி.

வெளியே வந்து நிற்கச் சொன்னதும் நான்.