இருபது எண்ணும் வரை

“ஒவ்வொருத்தர் காதுலயும் என்ன ஓதறீங்க பெரியவரே?”

பேராசிரியரின் குரல் கேட்டு, ஆய்வுக்கூட உதவியாளர் கதவை விட்டு விலகி நின்றார்.

“ஒண்ணுமில்லைங்க சார்.”

“உங்க பொண்ணும் இன்னிக்கு வந்திருக்கா. ஞாபகம் இருக்கட்டும். நாளைக்கு என் தலை உருளக் கூடாது.”



வேதியியல் துறையில் ஓர் ஆராய்ச்சிப் பணியிடம். வந்தவர்கள் ஒன்பது பேர். முதலில் செய்முறைத் தேர்வு. வேறு ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே எடை பார்த்து வைத்த பொடியைக் கொடுப்பார்கள். அதை மின்தராசில் நிறுத்துச் சரியாக எழுதினால்தான் நேர்காணல்.

அந்தத் தராசு ஒரு கள்ளன். எண் அசையாமல் நிற்கும், அது பொய். இருபது எண்ணிவிட்டுப் பார்த்தால்தான் உண்மை எடையைக் காட்டும். புதுத் தராசு வேண்டும் என்று ஐந்து முறை எழுதிக் கொடுத்தாயிற்று. “நின்ன எண் எப்படிய்யா மாறும்?” என்று ஐந்து முறையும் பேராசிரியர் சிரித்தார்.

தராசு செய்கிற தப்புக்குப் பிள்ளைகள் ஏன் தோற்க வேண்டும்? உள்ளே போகிறவர்களிடம், “இருபது எண்ணிட்டு எழுதுங்க” என்று மெல்லச் சொல்லி அனுப்பினார். எட்டுப் பேருக்கும் சொன்னார்.

தங்கப் பதக்கம் வாங்கிய ஒருவன் மட்டும், “எனக்கே எடை போடச் சொல்லித் தர்றீங்களா?” என்று சிரித்தபடி போனான்.

ஒன்பதாவதாக மகள் வந்தாள்.

இயற்பியல், மண்ணியல், தாவரவியல் என்று தன் படிப்பு ஒட்டுகிற துறைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு, பதினான்கு பல்கலைக்கழகங்களில் இல்லை என்று சொல்லப்பட்டவள். வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தாறு. இதை விட்டால் வேறு இல்லை.

கதவைத் திறந்துவிட்டார். சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஊரார் பிள்ளைக்குச் சொன்னால் உதவி. பெற்ற பெண்ணுக்குச் சொன்னால் களவு. வாயை இறுக்கிக்கொண்டார்.

மதியம் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர்கள். பதக்கக்காரனும் இல்லை, மகளும் இல்லை.

“உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே!” என்று பேராசிரியர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பேருந்து நிறுத்தத்தில் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும்.

“அம்மாடி, அந்தத் தராசு...”

“தெரியும்பா. பத்து வருஷமா சாப்பிடறப்பல்லாம் அம்மாகிட்ட அதைத்தானே திட்டறீங்க? எண்ணினேன். இருபதுல எண் மாறிச்சு.”

“அப்புறம் ஏம்மா?”

அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பொடியை மகள் தட்டிவிட்டாள்.

“மாறினதை எழுத மனசு வரலைப்பா. பாவம், மத்த எட்டுப் பேருக்கும் அது தெரியாதில்ல?”