கழித்துத் தேடினால்

"டீச்சர், மார்க் ஏத்தணும். எழுந்திரிக்கிறீங்களா?"

கணக்கு சார் மறுபடியும் வந்து நின்றார். ஆசிரியர் அறைக்கு இருப்பதே ஒரே கம்ப்யூட்டர். மதியத்திலிருந்து அதை சயின்ஸ் டீச்சர் விட்டபாடில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார். நாளைக்கு ஏழாம் வகுப்புக்கு ஒலி பாடம்."

"அதுக்குத்தான் புத்தகம் இருக்கே."

"புத்தகம் 'மணி ஓசையைக் கேள்'னு ஆரம்பிக்குது. முதல் பெஞ்சுல இருக்கற புதுப் பொண்ணு எப்படிக் கேப்பா?"

அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒலி பாடம் முடிகிறவரை அவள் நூலகத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. டீச்சர் கெஞ்சியதில், "அவளுக்கும் புரியற மாதிரி ஒரு பாடம் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்.

'ஒலி பாடம்' என்று போட்டால் பாட்டும் கூத்துமாக வந்து குவிந்தது. 'காது கேளாத' என்று சேர்த்தால் கருவி விற்கிற கடைகள் வரிசை கட்டின. 'வகுப்பறைச் செயல்பாடு' என்று சேர்த்தால் அதே கடைகள், தள்ளுபடியோடு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது டீச்சருக்கு.

"அந்த வார்த்தையைப் போட்டா கடைதான் டீச்சர் வரும். சும்மா எதுக்கு நேரத்தை வீணாக்கிக்கிட்டு" என்றார் கணக்கு சார்.

இந்த மனுஷனுக்கு மார்க்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது மனதில் தைத்தது. குறையின் பெயரைச் சொன்னால் கடைக்காரன் வருவான். பாடம் நடத்தினவர் வேண்டுமென்றால்? அவர் என்ன எழுதியிருப்பார்? பிள்ளை என்ன செய்தது என்றுதானே எழுதியிருப்பார்?

டீச்சர் எல்லாவற்றையும் அழித்தார். 'பலூன், கட்டிக்கொண்டாள், அதிர்வு, சிரித்தாள்' என்று அடித்தார். அப்புறம் ஒரு மைனஸ் குறி போட்டு, ஒட்டினாற்போல 'காது' என்று அடித்தார்.

"என் பாடத்துக் குறியையும் விட்டு வைக்கலியா?" என்றார் கணக்கு சார்.

"'காது'ன்னு வர்ற பக்கம் எல்லாத்தையும் கழிச்சுட்டேன் சார்."

கடைகள் காணாமல் போயின. பாட்டுகள் போயின. மிஞ்சியது ஒரே ஒரு பக்கம். ஏதோ பழைய வலைப்பூ. எழுதியவர் பெயர்கூட இல்லை.

'பாப்பா பலூனை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டினேன். சட்டென்று திரும்பி, வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.'

கீழே படங்கள். ஸ்பீக்கர் மேல் ஒரு தட்டு, தட்டில் உப்பு. சுருதி ஏற ஏற உப்பு வட்டமாகக் கூடுகிறது, நட்சத்திரமாக விரிகிறது. மரப் பெஞ்சில் வெறுங்காலோடு பாப்பா நிற்க, மறு முனையில் யாரோ தாளம் போடுகிறார்கள். அடுத்த படத்தில் அவளும் அதே தாளத்துக்குக் கை தட்டுகிறாள்.

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் ஒலி பாடம் நடத்தியிருக்கிறார். ஒலியைக் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

"சார், பார்த்தீங்களா? யாரு பெத்த பிள்ளையோ, எப்பேர்ப்பட்ட வாத்தியாரோ."

கணக்கு சார் கையிலிருந்த மார்க் நோட்டைப் புரட்டினார்.

"ஆனா சரியான விவரம் கெட்ட மனுஷன் சார். பக்கம் முழுக்கத் தேடிட்டேன், காது கேளாதவங்களுக்குன்னு ஒரு இடத்துலகூட எழுதல. ஒரு வார்த்தை போட்டிருந்தா எத்தனை டீச்சருக்குக் கிடைச்சிருக்கும்? இப்படியா பூட்டி வைக்கிறது?"

பொரிந்து தள்ளிவிட்டு, பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினார் டீச்சர்.

தலைமையாசிரியை படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "நாளைக்கு நானும் வந்து பின்னால உக்காந்துக்கறேன். அந்தப் பொண்ணு வகுப்பிலயே இருக்கட்டும்" என்றார்.

கால் தரையில் பாவாமல் திரும்பி வந்தார் டீச்சர். நாற்காலியில் கணக்கு சார் உட்கார்ந்திருந்தார். மார்க் ஏற்ற ஆரம்பித்துவிட்டார் போல என்று எட்டிப் பார்த்தார்.

திரையில் அதே வலைப்பூ. படிக்கிற பக்கம் இல்லை, எழுதுகிற பக்கம். தலைப்பில் 'காது கேளாத குழந்தைகளுக்கு' என்று ஒவ்வோர் எழுத்தாக, தயங்கித் தயங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார் கணக்கு சார்.

டீச்சர் கையிலிருந்த அச்சுத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான் டீச்சர். மத்த பிள்ளைங்களுக்கும் கிடைக்கணும்ல" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வீட்டுல என் பொண்ணை அந்த வார்த்தை சொல்லி நாங்க பேசினதே இல்லை. அதான், எழுதும்போதும் வரல."