காதில் வைத்த மைக்

சாரலுக்காக ஒரு கதவைச் சாத்திய தென்காசி ரேடியோ கடைக்குள், உலகச் சண்டை முடிந்தபின் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பெட்டியின் கட்டம் போட்ட வட்டக் கண்ணாடி பச்சையாக ஒளிர்கிறது. ஒரு புள்ளி இடமிருந்து வலமாக ஓடி ஓடிக் கோடாகத் தெரிகிறது. சத்தம் புகுந்தால் கோடு அலையாக எழும், எத்தனை கட்டம் எழுகிறதோ அவ்வளவு சத்தம் என்று கடைக்காரர் தில்லைநாயகம் சொன்னதுதான் தாமதம், மூட்டை தூக்கும் மாடக்கண்ணு பெட்டியோடு இணைத்த மைக்கை எடுத்துத் தன் ஏழு வயது மகள் மாரித்தாயின் காதில் வைக்கிறான். பிறந்ததிலிருந்து கேளாத காது. உள்ளே துளி சத்தம் இருந்தாலும் காட்டிவிடாதா? மைக் காதில் உரசியதற்கு லேசாகச் சிலிர்த்த கோடு, பிறகு அசையாமல் கிடக்கிறது. தில்லைநாயகம் மைக்கை அவன் வாய்ப்பக்கம் திருப்புகிறார். “காதுக்குள்ள பாக்க இதுக்குக் கண்ணு கிடையாதுலே. உன் வாய்ச் சத்தத்தத்தான் காட்டும். அவளக் கூப்பிடு.” “ஏட்டி மாரித்தாயி.” கோடு கண்ணாடியை விட்டே தாண்டுகிறது. “மெதுவா, ஏலே. சந்தையிலயா நிக்க?” தில்லைநாயகம் குமிழைத் திருகி அலையைக் குறுக்குகிறார். “இப்பம் கூப்பிடு. ரெண்டு கட்டம் வருது பாரு. இதான் உம் மவ பேரு.” மாரித்தாய் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, நெளியும் பச்சையை விரலால் பிடிக்கப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மாடக்கண்ணு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் திரும்பவில்லை.