குறையாத தண்ணீர்

தொட்டி நிறைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை மறுபடி எடுத்தாள். ஊரின் அந்தக் கோடியில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் மொட்டைமாடித் தொட்டி, நீலப் படமாக அதில் தெரிந்தது. கீழே ஒரு வரி: ‘நேற்று மாலை முதல் நீர்மட்டத்தில் மாற்றம் இல்லை.’

அம்மாவும் அவளும் பேசி மாதக்கணக்காகிறது. “என்னோட வந்து இரு” என்று மகள் கூப்பிட, “என் வீட்டை விட்டு வரமாட்டேன்” என்று அம்மா முறுக்கிக்கொள்ள, வார்த்தை தடித்துவிட்டது. “நான் செத்தாக்கூட நீ வர வேண்டாம்” என்றாள் அம்மா. “நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஆனால் வீம்பு வேறு, கவலை வேறு. அம்மா வீட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பரைப் பிடித்து, தொட்டி மூடியில் ஒரு சென்சாரைப் பொருத்த வைத்தாள். தண்ணீர் நிரம்பி வழியாமல் இருப்பதற்காக என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். உண்மையில், தொட்டியில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அது இவள் கைப்பேசிக்குச் சொல்லிவிடும்.

காலையில் லேசாகக் குறைந்தால் அம்மா பல் விளக்குகிறாள். சற்றுப் பொறுத்து நன்றாக இறங்கினால் குளிக்கிறாள். ஒருநாள் மட்டம் தடாலென்று இறங்கியபோது, “போர்வை துவைக்கிறா! உடம்பு கல்லு மாதிரி இருக்கு” என்று கடையில் வாய்விட்டே சிரித்தாள் மகள்.

இன்று அம்மா பல் விளக்கவில்லை. குளிக்கவில்லை. அடுப்படியில் ஒரு டம்ளர்கூடக் கழுவவில்லை.

வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அதே கதைதான். உடனே பிளம்பரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அந்த சென்சார் கெட்டுப்போயிருக்குமா?”

“சான்ஸே இல்லம்மா. போன வாரம்தான் மேல ஏறித் துடைச்சு வச்சேன். இது என்ன, எதுக்கு, எப்படி வேலை செய்யுதுன்னு உங்கம்மாவே பக்கத்துல நின்னு துருவித் துருவிக் கேட்டாங்களே!”

“அப்ப ஏன் தண்ணி கொஞ்சம்கூடக் குறையல?”

மறுமுனையில் பேச்சு இழுத்தது. “அது... நீங்களே நேர்ல போய்ப் பாத்துடுங்கம்மா.”

“நீங்க பக்கத்துத் தெருதானே? ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்.”

“நான் போறது சரியா இருக்காதும்மா. நீங்க உடனே கிளம்புங்க.”

போனை வைத்துவிட்டார். அந்த ‘உடனே’ அவள் தலையில் கல்லைப் போட்டது. மனிதர் எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு மறைக்கிறார்.

டாக்சியில் ஏறிக் கணவனுக்குச் சொன்னாள். “அத்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காது, பதறாதே. நானும் நேரா அங்க வந்துடறேன்” என்றான். சொன்னவன் குரலே சரியாக இல்லை.

வழியில் சிக்னல் ஒவ்வொன்றும் வேண்டுமென்றே சிவப்பில் நின்றது. குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பாளோ? தண்ணீரே படாத தரையில் எப்படி வழுக்கும்? அப்படியென்றால் ராத்திரி படுத்தவள் படுத்தபடியே... அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை. “சும்மா ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா, பாவி?” என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். அதைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார்.

வீட்டுக் கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. “அம்மா!” என்று தள்ளிக்கொண்டு ஓடினாள்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குளியலறையில் வாளி கவிழ்ந்து கிடந்தது, தரை வறண்டு காய்ந்திருந்தது. படுக்கையறைக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தள்ளினாள்.

கட்டில் காலியாக இருந்தது. தலையணை மேல் அம்மாவின் கைப்பேசி மட்டும் கிடந்தது. திரையில் இவள் செய்த அழைப்புகள்.

எங்கே போனாள்? எங்கே கொண்டு போனார்கள்? அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்தாலும் வரவேண்டாம் என்று சொன்னது பலித்தே விட்டதோ என்று நினைத்ததும் அழுகை பீறிட்டது.

பின்வாசல் கதவு கிரீச்சென்றது.

தலையில் சுற்றிய துண்டோடு அம்மா வந்து நின்றாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்ல அருகில் உட்கார்ந்து, ஈரத் துண்டை அவிழ்த்து அதன் முனையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“வந்துட்டியா? அப்பாடா, இனிமே குளிக்கறதுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டாம்!”