ஜாதகத்தில் வைரஸ்

“மிருதுளா, நெட் ஒயரை உருவிட்டியாம்மா? விண்டோஸுக்குப் போகணும்” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் சாம்பசிவன்.

“இன்னும் ஸ்கேன் முடியலப்பா. நீங்க குளிச்சிட்டு வாங்க” என்றாள் மகள்.

ஊரப்பாக்கத்து அந்த ஃபிளாட்டில் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் இதே கூத்துதான். வாரம் பூரா அவள் தாம்பரத்து ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மல்லாடிவிட்டு வந்தால், லீவு நாளில் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பணிவிடை. ரிட்டயரான அப்பாவுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு ஆதிகாலத்து சாஃப்ட்வேர். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். தரகர்கள் அனுப்பும் மெயிலையெல்லாம் மனிதர் அதிலேயே திறந்து பார்த்ததில், மாப்பிள்ளைகளைவிட வைரஸ்தான் அதிகம் வந்து சேர்ந்தது. ஒரு தடவை மொத்தமும் அழிந்தே போனது. எல்லா ஜாதகத்தையும் அப்பா மறுபடி உட்கார்ந்து ஏற்றினார்.

அதற்குப் பிறகுதான் மிருதுளா அதே கம்ப்யூட்டரில் வைரஸ் அவ்வளவாக அண்டாத லினக்ஸையும் போட்டுக் கொடுத்தாள். மெயிலை லினக்ஸில் திறந்து, அங்கேயே ஸ்கேன் செய்து, அப்புறம் நெட்டைத் துண்டித்துவிட்டு விண்டோஸுக்கு மாற வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் பேஜார்தான்.

இவ்வளவு பத்தியமாக இருந்தும் ஒரு வரன்கூடப் பொருந்தியபாடில்லை. அப்பா உதட்டைப் பிதுக்குவார், அம்மா ஞானாம்பாள் ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சமைக்கப் போவாள். மிருதுளாவுக்கோ அது வயிற்றில் பால் வார்த்த மாதிரி. ஆபீஸில் கூட வேலை செய்யும் பம்மல் அசாரைத் தவிர வேறு யாரையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அதை வீட்டில் எப்படிச் சொல்வது? பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அம்மா படுத்துவிடுவாள், அப்பா ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டார். இப்படிப் பயந்து பயந்தே அவள் அலுத்துப் போயிருந்தாள்.

இன்றைக்கு அந்தப் பயம் இரட்டிப்பாகியிருந்தது. வண்டலூர் வரன் ஒன்று வந்திருந்தது. நல்ல குடும்பம், நல்ல வேலை, போட்டோவைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பொருத்தம் மட்டும் கூடிவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமையே பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வந்துவிட்டால் அம்மாவை யாராலும் நிறுத்த முடியாது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மிருதுளா கதவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

கண்டவர் கைபட்டுக் கெட்டுவிடக் கூடாதென்று ஜாதக சாஃப்ட்வேருக்கு அப்பா பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார். விண்டோஸில் இருந்துகொண்டு லினக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, அதனால் லினக்ஸிலிருந்தும் இந்தப் பக்கம் யாரும் வர முடியாது என்பது அவர் நினைப்பு. லினக்ஸுக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. விண்டோஸின் எல்லா அறைக்குள்ளும் நுழைந்து வரும்.

அவள் நுழைந்தாள். ஜாதகங்கள் இருக்கும் ஃபோல்டரில் அவள் பெயரும் இருந்தது. பிறந்த தேதி, ஊர், அதிகாலை மூன்று பத்து. நீ விடிகாலையில் பிறந்தாய் என்று அம்மா சொல்லிக் கேட்டதுதான், சரியான நேரமெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் நேரம் தப்பினால் ஜாதகமே தப்பு என்று அப்பா ஓயாமல் சொல்வார். மூன்றை அழித்து ஐந்தாக்கினாள். பெற்ற தகப்பனை ஏமாற்றுகிறோமே என்றும் இருந்தது. மூடிவிட்டு, ஒயரைப் பிடுங்கி, விண்டோஸைக் கிளப்பினாள்.

நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்தார் சாம்பசிவன். ஞானாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்வேர்டைத் தட்டினார், பையனின் விவரத்தை ஏற்றினார், பொருத்தம் பார்க்கும் பட்டனை அழுத்தினார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதுவும் இல்லையா?” என்றாள் ஞானாம்பாள் சலித்துப்போய். அவளே குனிந்து திரையைப் பார்த்தாள். “பத்துக்கு ஒம்பதுன்னு போட்டிருக்கேங்க!”

மாற்றப் போய் இப்படியா பொருந்தித் தொலைக்கும்? எந்த ஜென்மத்துப் பாவமோ என்று மிருதுளா சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மா அதற்குள் போனை எடுத்து வண்டலூர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

“ஞானம், போன் போடாதே” என்றார் சாம்பசிவன். “வைரஸ் பூந்திருக்கு. கணக்கு தப்பா காட்டுது. நான் மனசுலயே போட்டுப் பார்த்துட்டேன், இந்தப் பையன் ஒத்துவராது.”

ஞானாம்பாள் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போனை மேஜையில் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள்.

இப்போதுதானே ஸ்கேன் செய்தோம், வைரஸ் எங்கிருந்து வந்தது என்று மிருதுளா விழித்தாள். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீ பொறந்த நேரத்துல யாரு கைவச்சது?”

இனி மறைத்து ஆவதென்ன? அவள் அழுதுவிட்டாள். “நான்தாம்பா. இந்தக் கல்யாணம் வேண்டாம்னுதான் மாத்தினேன்.”

சாம்பசிவன் நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மகளைவிட அவர்தான் களைத்துப்போயிருந்தார்.

“அசடே, நீ பொறந்ததே அஞ்சு பத்துக்குத்தான். எதுவும் பொருந்தக் கூடாதுன்னு அதை மூணுன்னு போட்டு, வந்த வரனையெல்லாம் இத்தனை வருஷமா தட்டிக் கழிச்சது நான். அந்தப் பம்மல் பையனைப் பத்தி நீயா வந்து சொல்லுவேன்னுதானேம்மா காத்துக்கிட்டிருக்கேன்.”