பத்து முழம்

காலையில் பால் காய்ச்சினேன். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தியாள் நப்பின்னை போன் செய்தாள். "அத்தான், நாளைக்கு எனக்கு வளைகாப்பு. பூ உங்க வீட்லேருந்துதான் வரணும். அக்கா அனுப்புறேன்னு சொல்லியிருந்தா. வரலேன்னா பூ வைக்காமலே மணையில உக்காருவேன்."

என் மனைவி எழில் இறந்து நான்கு மாதமாகிறது. அதன்பின் நான் பூ வாங்கவில்லை. வீட்டுக்கே பூ கொண்டுபோய்க் கொடுக்கும் தெருமுனைக் கடைக்குப் போன் செய்து பத்து முழம் முல்லை கேட்டேன். நப்பின்னையின் முகவரியைச் சொன்னேன்.

"அனுப்பிடலாம் தம்பி," என்றார் கடைக்காரர் செசிலியக்கா. "ஆனா என் கையால அளந்தா மேலேருந்து உங்க வீட்டம்மா சும்மா விடுமா? நேர்ல வாங்க."

செசிலியக்காவின் கை குட்டை. அதனால் எழில் எப்போதும் என்னைக் கூட்டிப்போய் என் கையால்தான் அளக்கவைப்பாள்.

போனேன். கையை நீட்டினேன். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஈரச் சரம் சில்லென்று ஏறியது. பத்தாவது முழத்தில் செசிலியக்கா முறைத்தார். "இது கையா, கொடிக்கம்பமா? நான் கடை நடத்த வேணாமா?" சத்தமாகச் சிரித்துவிட்டேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

நான்கு மாதத்துக்கு முன், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் வைத்துக்கொள்ள என்று எழில் ஆஸ்பத்திரிக்கும் பூ வரவழைத்திருந்தாள். கட்டிலருகே என் கையால்தான் அளந்துகொண்டிருந்தோம். அதற்குள் ஆபரேஷனுக்கு அழைத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பிக் கடைசியாகச் சொன்னாள்: "விரலை மடக்காதடா. நல்லா நீட்டு."