வெளியேறும் வழி

திங்கட்கிழமை விவாகரத்து. முன்பே வாங்கிவிட்ட இரண்டு நாள் டிக்கெட் வீணாக வேண்டாம் என்றுதான் மேகலாவும் திருமாறனும் சினிமாவும் ஓவியங்களும் காட்டும் அந்தக் கலைநகருக்கு வந்தார்கள். சனிக்கிழமை, சினிமா இடைவேளையில், பத்து வருஷத்தில் முதல்முறையாக அவன் மன்னிப்புக் கேட்டான். ஞாயிறன்று, ஒரு மூன்று கால் குதிரை ஓவியத்தின் முன்னால் அவள் சிரித்துவிட்டாள்.

மாலையில் கைகோத்தபடி வாசலுக்கு வந்தார்கள்.

"இங்க பார்த்தது எதையும் வெளியே கொண்டுபோக முடியாதும்மா. காப்புரிமை. ரெண்டு நாள் ஞாபகத்தையும் அழிச்சுதான் அனுப்புவோம். வரும்போதே கையெழுத்துப் போட்டீங்களே?" என்றார் காவலர்.

"யார் சார் அதையெல்லாம் படிக்கிறாங்க? படத்தை அழிச்சுக்குங்க. இவர் ஸாரி சொன்னதை மட்டும் விட்டுடுங்களேன்!"

"தனியா பிரிக்க முடியாதும்மா. நடங்க."

பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்த மேகலா, கோத்திருந்த விரல்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"கையை எடுங்க! நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட். லேட்டா வராதீங்க."